ஒலிபெருக்கிக்கு உதடு இல்லை

வாலண்டைனுக்குப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. பாட்டு என்றால் கேட்க வேண்டும். மூலையில் ஒண்டிக்கொண்டு முனகுகிற பாட்டெல்லாம் அவரைப் பொறுத்தவரை பாட்டே அல்ல. இந்தக் கொள்கைக்கு ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் ஊரில் அந்த வரிசை வீடுகளில் அவரைத் தவிர வேறு ஆதரவாளர் கிடையாது. எதிர்ப்பாளர்கள் இருபக்கச் சுவருக்கு அப்பாலும் இருந்தார்கள். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை.

பத்து பாகாட்டில் ஒரு துணி மில்லில் நெசவுப் பிரிவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலைக் காலம் முழுக்கத் தறிகளின் நடுவில்தான் நின்றார். காதில் அடைப்பான் மாட்டாத தொழிலாளியைக் கண்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். தன் அடைப்பானைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, நின்று நிதானமாகத் திட்டிவிட்டுத்தான் நகருவார். கொரோனா வந்து மில்லைப் பூட்டியபோது வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த அமைதி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மகள் அபிகெயில் சிங்கப்பூரில் வேலை கிடைத்து ஜொகூர் பாருவில் தங்கப் போனபோது ஒரு பழைய லேப்டாப்பை விட்டுப் போயிருந்தாள். அதைத் திறந்தார். இளமையில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த விரல்கள் ஏதோ செய்யத் துடித்தன. கணினியிலேயே மத்தளம் அடிக்கலாம், வயலின் கூட்டலாம், விண்கலம் புறப்படுகிற மாதிரி சத்தமும் எழுப்பலாம் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அபிகெயிலின் காலி அறை ஸ்டுடியோ ஆயிற்று. சுவரில் ஒட்டுவதற்கு முட்டை அட்டை வேண்டியிருந்ததால் அந்த வீடு ஒரு வருடம் முட்டையாகச் சாப்பிட்டது. மனைவி ரீத்தாவுக்கு இன்றைக்கும் ஆம்லெட் என்றால் ஆகாது.

அந்த மென்பொருளில் அவர் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது லிமிட்டர். லிமிட்டர் என்பது பாட்டுக்கு மேலே போட்ட ஒரு கூரை. எந்தச் சத்தமும் அதைத் தாண்டாது. ஆனால் கீழேயிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். தள்ளத் தள்ள, பெரிய சத்தங்கள் கூரையில் முட்டி அங்கேயே நிற்கும், சின்னச் சத்தங்கள் எழும்பி வந்து அவற்றோடு தோளுரசி நிற்கும். விஷயம் தெரிந்தவர்கள், பாட்டை முடித்து மெருகேற்றுகிற கடைசிக் கட்டத்தில் இதைத் தொட்டும் தொடாமலும் வைப்பார்கள். வாலண்டைன் திரையில் பாட்டின் அலை வெட்டாத ரொட்டி மாதிரி சதுரமாக ஆகும் வரை தள்ளுவார். அதற்குப் பிறகுதான் பாட்டு முழுசாகக் கேட்பதாக அவருக்குத் தோன்றும்.

ஏன் அப்படித் தோன்றியது என்பதை வீட்டில் மற்றவர்கள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. மில்லில் தறிகள் ஓடும்போது யாரும் பேச்சைக் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வரிசையின் அந்தக் கோடியில் ஒருவன் தன்னைத் திட்டினால்கூட இந்தக் கோடியிலிருந்து வாலண்டைன் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. முன்னால் நின்று பேசினால் எல்லாம் சரியாகக் கேட்கும். பின்னால் நின்று கூப்பிட்டால் அவர் யோசனையில் இருப்பார். எல்லாரும் முகக்கவசம் போட்ட காலத்தில் குளுவாங் ஜனங்கள் மொத்தமாகப் பேசத் தெரியாமல் போய்விட்டார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அரிசிக்கடைக்காரரிடம் வாயைத் திறந்து பேசச் சொல்லிச் சண்டைகூடப் போட்டார்.

ரீத்தா சொல்லிப் பார்த்தாள். காது டெஸ்ட் பண்ணலாம் என்று சொன்னபோதெல்லாம் அவர், "எனக்கா? சரியாப் போச்சு" என்று எழுந்து போய்விடுவார். பிறகு அவள் விட்டுவிட்டாள். அதற்குப் பதில் அவர் முதுகுக்குப் பின்னாலும், கோயில் பெஞ்சில் பக்கத்திலும், உதட்டை அசைக்காமல் தன் மனதில் பட்டதையெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் ஒரு வசதியான வழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அந்த விஷயத்தில் அவளுக்கு நிம்மதிதான்.

இப்படி இருக்கும்போது அபிகெயிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திமோத்தி, அவளோடு வேலை செய்பவர். காலையில் கோயிலில் திருமணம், மாலையில் கோயிலை ஒட்டிய ஹாலில் விருந்து. விருந்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது போடும் பாட்டு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று வாலண்டைன் அறிவித்தார். அவர் கேட்கவில்லை, அறிவித்தார். வீடியோ அழைப்பில் அபிகெயில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"சரிப்பா. ஆனா ஒரு கண்டிஷன். சவுண்டு பாக்கற மாஹிர் ஓகே சொல்லணும்."

"மாஹிர் என்னா சொல்றது? நான் பாட்டு போட ஆரம்பிச்சப்போ அவன் சின்னப் பையன்."

"நீங்க ஆரம்பிச்சே அஞ்சு வருஷம் கூட ஆகலப்பா."

திரையில் அவள் உதட்டில் அதைப் படித்துவிட்டு, கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

பாட்டு தயாரானது. தொடக்கத்தில் மெல்லிய தாளம், நடுவில் எல்லாம் அடங்கிக் கிட்டார் மட்டும், அதற்குப் பிறகு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற அடி. கிட்டார் பகுதியை அவரே வாசித்து மைக்கில் பதிந்தார். மின்விசிறி போட்டால் மைக்கில் இரையும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார். கதவுக்கு நேர் எதிரே சமையலறை. அங்கே ரீத்தா மூவாரில் இருக்கும் தங்கை ஐலீனோடு போனில் பேசிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வாலண்டைனைப் பொறுத்தவரை வீட்டில் ஓர் ஈ காக்கை இல்லை.

பிறகு லிமிட்டரைத் தள்ளினார். அலை ரொட்டி ஆயிற்று. கிட்டார் பகுதியில் அடியில் ஏதோ மெத்தென்று ஒரு முனகல் எழும்பி வந்தது. பழைய இசைத்தட்டுகளில் ஒரு கதகதப்பு உண்டு என்று இணையத்தில் படித்திருந்தார். அது தன் பாட்டுக்கும் வந்துவிட்டது என்று பூரித்துப்போய் மாஹிருக்கு அனுப்பினார்.

மறுநாள் மாஹிரிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. 'பாட்டு நல்லா இருக்கு அங்கிள். லிமிட்டர ரொம்ப அமுக்கிட்டீங்க. லிமிட்டர் இல்லாத ஃபைல் ஒன்னு அனுப்புங்க. கிட்டார் வர்ற இடத்த ஒரு தடவ நல்லா கேட்டுப் பாருங்க அங்கிள்.'

வாலண்டைன் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கதகதப்பு அப்படியே இருந்தது. 'கேட்டேன். சூப்பர்' என்று பதில் அனுப்பினார். லிமிட்டர் இல்லாத ஃபைலை அனுப்பவில்லை. சட்டை போடாமல் மகளை மேடையேற்றுவார்களா என்று ரீத்தாவிடம் கேட்டார். சட்டைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ரீத்தாவுக்கு விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அபிகெயில் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, ஹாலுக்குள் மாஹிர் இருப்பதை வாலண்டைன் பார்த்துவிட்டார். முந்தின நாள் நடந்த பாலர் பள்ளிக் கலைவிழாவுக்கு மாட்டிய ஸ்பீக்கர்களை அவன் அவிழ்க்க வந்திருந்தான். பத்து பாகாட்டில் அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கடை இருந்தும் அதில் உட்காராமல் ஸ்பீக்கரும் வயருமாக ஜொகூர் முழுக்கச் சுற்றுகிற, பெரியவர்களிடம் குரல் உயர்த்தாத பிள்ளை அவன். அந்த மரியாதைதான் அன்றைக்கு அவனை மாட்டிவிட்டது.

"நல்ல நேரத்துல வந்த தம்பி. ஸ்பீக்கர் அப்படியே இருக்கட்டும். நம்ம பாட்ட போடு, பெரிய சத்தத்துல எப்படி இருக்குன்னு இவங்க ரெண்டு பேரும் கேக்கட்டும்."

மாஹிர் ரீத்தாவை ஒரு பார்வை பார்த்தான். "இப்ப வேணாம் அங்கிள். நீங்க லிமிட்டர எடுத்துட்டு அனுப்புங்க, இன்னொரு நாள் போட்டுப் பாப்போம்."

"இன்னொரு நாள் எதுக்கு? போடு லா."

"சரி, கிட்டார விட்டுட்டு நேரா பீட்டுக்குப் போயிடலாமா அங்கிள்?"

"கிட்டார்தான்டா உயிரே! மொதல்லேருந்து போடு. முழு சவுண்டு வை."

மாஹிர் அதற்கு மேல் என்ன செய்வான். போட்டான்.

தாளம் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் லேசாக அதிர்ந்தன. வாலண்டைன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மில்லில் புதுத் தறியைச் சோதிக்கிற தோரணையில் ஹாலின் நடுவே நின்றார். தாளம் அடங்கியது, கிட்டார் தொடங்கியது. அதே சமயம் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் ரீத்தாவின் குரல் கிளம்பியது. அவரைத் தவிர மற்ற மூவருக்கும் ஒரு சொல் பிசகாமல் கேட்டது.

"நான் என்னாடி பண்றது ஐலீன்? கூப்பிட்டா திரும்ப மாட்றாரு. முன்னாடி போயி நின்னு வாயக் காட்டணும். காது போச்சுன்னு சொன்னா ஒத்துக்கறாரா மனுசன்? எனக்கு அதுகூடப் பெருசு இல்லடி. கல்யாணத்தன்னிக்கு அபி பீடத்தப் பாத்து நிப்பா. இவருக்கு அவ முதுகுதான் தெரியும். புள்ள வாக்கு குடுக்கறத இவரு எப்படிடி கேப்பாரு?"

அந்தக் கேள்வி முடிந்த கையோடு டம் டம் டம் என்று அடி இறங்கியது. மாஹிர் பாய்ந்து நிறுத்தினான்.

வாலண்டைன் திரும்பிப் பார்த்தார். மாஹிர் மிக்சரின் பொத்தான்களை முதல்முறையாகப் பார்ப்பவன்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அபிகெயில் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். ரீத்தா பூசைப் புத்தகத்தைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"என்னா? பேஸ் கூடிப் போச்சா?"

அபிகெயில் கையை எடுத்தாள். "அப்பா, பாட்டுல அம்மா பேசறாங்க."

"அலமாக்! அம்மா எங்க வந்தா அதுல? போடு தம்பி, திரும்பப் போடு."

"வேணாங்க, விடுங்க," என்றாள் ரீத்தா.

"போடுங்கறேன்."

திரும்பவும் கிட்டார் வந்தது. வாலண்டைன் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே போய், அதன் முகத்துக்கு நேரே நின்றார். கிட்டார் கேட்டது. அடியில் அந்தக் கதகதப்பு கேட்டது. தறிவரிசையின் கோடியில் நிற்பவன் பேச்சையே பிடித்தவர், ஒரு கை தூரத்தில் பேசுகிற பெண்டாட்டியின் பேச்சைப் பிடிக்க அந்தக் கறுப்புப் பெட்டியை முறைத்துப் பார்த்தார். பெட்டி உம்மென்று நின்றது. அதற்கு உதடு இல்லை.

"என்னா சொல்றா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அபிகெயில் வந்து அவருக்கு எதிரே நின்றாள். அம்மா சொன்ன அத்தனையையும், ஐலீன் சித்தியின் பெயர் உட்பட, நிதானமாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவள் குரல் உடைந்தது. குரல் உடைந்தது வாலண்டைனுக்குத் தெரியவில்லை, உதடு நடுங்கியது தெரிந்தது.

"யாருக்குக் காது போச்சு? இப்ப நீ சொன்னது எனக்குக் கேக்கலையா?"

"கேக்கலப்பா. பாத்தீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. "சரி. மேடையில போயி நில்லு. அன்னிக்கு நிக்கற மாரி அந்தப் பக்கம் திரும்பி நில்லு. அந்த வாக்க சொல்லு, கேக்குதா இல்லையான்னு பாப்போம். தம்பி, மைக் குடு அவகிட்ட. கோயில்லயும் மைக் இருக்குமில்ல!"

அபிகெயில் மேடையேறி, பின்திரையைப் பார்த்து நின்றாள். நேற்றைய கலைவிழாவின் காகிதப் பட்டாம்பூச்சிகள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் தோள்கள் ஏறி இறங்கின. ஏதோ சத்தம் வந்தது. மகளின் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் சொற்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய கோடுகளை யாரோ அழித்துவிட்ட மாதிரி, நீளமாக, வழவழவென்று ஒரே ஓசையாக இருந்தது.

"கூட்டு தம்பி."

மாஹிர் கூட்டினான். அவள் மீண்டும் சொன்னாள்.

"இன்னும் கூட்டு."

ரீத்தா காதைப் பொத்திக்கொண்டாள். ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது. வெளியே பூசை முடிந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். சத்தம் வாலண்டைனின் நெஞ்சுக்கூட்டிலேயே வந்து இடித்தது. கேட்டது, நன்றாகவே கேட்டது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"போதும்," என்றார்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பயந்து ரீத்தா அதுவரை பார்த்ததில்லை. அப்போது பார்த்தாள். கேலி பேசுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு அவளுக்கு ஜன்மத்தில் வாய்க்காது. ஆனாலும் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மாஹிர் தொண்டையைக் கனைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து குனிந்தான். "அங்கிள், எங்க அண்ணி ஆப்ரின் பத்து பாகாட்ல காது மெஷின் கடையில இருக்காங்க. சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம் லா. ரெண்டு மாசம் இருக்கில்ல."

வாலண்டைன் தலையாட்டினார்.

ஆப்ரின் அவரை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். வாலண்டைன் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார். பாதி நேரம் அழுத்துவதற்கு ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் நின்றுவிட்டதாக அவர் நினைத்தார். வெளியே ரீத்தாவுக்குக் கண்ணாடி வழியாக, சத்தம் போகிற ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் விளக்கு எரிவது தெரிந்தது.

முடிவைக் கோடாகப் போட்டு ஆப்ரின் திரையில் காட்டினாள். இடப்பக்கம் மேலே நடந்து வந்த கோடு, பாதி வழியில் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்திருந்தது. இந்த மாதிரிப் படத்தை வாலண்டைன் தினமும் தன் மென்பொருளில் பார்க்கிறவர். வலப்பக்கம் இருப்பது ச, த, க என்று சொற்களுக்கு விளிம்பு கொடுக்கிற மேல் ஓசைகள் என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"மேல எல்லாத்தையும் வெட்டியிருக்கே. யாரும்மா வெட்டுனது?"

"தறிதான் அங்கிள்," என்றாள் ஆப்ரின்.

கழுத்தில் தொங்கிய அந்த அடைப்பான் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கழுத்தைத் தடவிக்கொண்டார். ரீத்தா கூரையைப் பார்த்தாள்.

காதுக்குப் பின்னால் உட்காருகிற சின்னக் கருவி இரண்டை ஆப்ரின் கையில் வைத்துக் காட்டினாள். "எல்லாத்தையும் கூட்டாது அங்கிள். உங்களுக்குப் போன இடத்த மட்டும்தான் கூட்டும். சின்ன சத்தத்த நிறைய கூட்டும், பெரிய சத்தத்த கொஞ்சமா கூட்டும். திடீர்னு பெரிய சத்தம் வந்தா ஒரு அளவுக்கு மேல போகவே போகாது. உள்ளயே லிமிட்டர் இருக்கு."

"லிமிட்டரா?" அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாலண்டைன் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "எங்க இருக்கு? போன்ல ஆப் போட்டுத் திருகலாமா?"

"அத நீங்க தொட முடியாது அங்கிள். நாங்கதான் வெப்போம்."

"நல்லா பூட்டி வைம்மா," என்றாள் ரீத்தா.

கருவிகளை வாங்கி மாட்டிக்கொண்டு திரும்பும் வழியில், அயர் ஹித்தாம் தாண்டியதும் அவர் காரை ஓரம் கட்டினார். என்ஜினில் ஏதோ டிக் டிக் என்று அடிக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்றார்.

"அது சிக்னலுங்க. வாங்குன நாள்லேருந்து அப்படித்தான் அடிக்குது."

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டின் மேல் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். பிளாஸ்டிக் பை சரசரக்கிறது, குழாய் சீறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை ஏன் இப்படித் தேய்த்துக்கொண்டு நடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் சத்தத்தைப் பற்றி வாலண்டைன் புகார் சொல்கிற நாள் வரும் என்று ரீத்தா கனவிலும் நினைத்ததில்லை. தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் அவர் தன் பாட்டுகளைப் போட்டுக் கேட்டார். ஒன்று கேட்டார், அடுத்தது கேட்டார். சிம்பல் தட்டுகளின் ஓசைகள் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தன. லிமிட்டரில் முட்டி நசுங்கிய அடிகள் கரகரவென்று இருமின. எங்கேயும் ஓர் ஏற்றம் இல்லை, ஓர் இறக்கம் இல்லை. அவர் மெதுவாகச் சமையலறைக்கு வந்தார்.

"இதையா நான் இத்தன வருஷமா போட்டுக்கிட்டிருந்தேன்?"

"நீங்க போட்டீங்க. கேட்டவ நானு."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க லேப்டாப்பப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கல்யாணப் பாட்டைப் போட்டார். கிட்டார் வந்தது. கதகதப்பு என்று அவர் பெருமைப்பட்ட இடத்தில் இப்போது தெளிவாக ரீத்தா இருந்தாள். கீரைக்காம்பு ஒடிகிற சத்தம்கூட இருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அவள் சொன்னபோது அவருக்கு ரோசம் வந்தது. காது போச்சு என்றபோது வெட்கமாக இருந்தது. கடைசிக் கேள்வியில் அவள் குரல் கம்மியது. முதுகுக்குப் பின்னால் இவள் எப்போதும் தன்னைக் குறை சொல்கிறாள் என்றுதான் அவர் அரைகுறையாக நினைத்திருந்தார். ஆனால் மகளின் வாக்கு அவருக்குக் கேட்க வேண்டுமே என்றல்லவா இவள் தவித்திருக்கிறாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அழுதார் என்றும் சொல்ல வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால்தான் என்றாலும், மூக்கைச் சிந்திய சத்தம் சமையலறை வரை கேட்டது.

லிமிட்டரைப் பின்னுக்கு இழுத்தார். ரொட்டி கரைந்து அலை ஆயிற்று. தாளம் ஓரிடத்தில் மூச்சுவிட்டது, கிட்டார் மெல்ல வந்தது, அதற்குப் பிறகு இறங்கிய அடி நிஜமாகவே நெஞ்சில் இறங்கியது. ரீத்தாவின் குரல் கிட்டாருக்குள் அமிழ்ந்து போனது. சமையலறையைச் சாத்திவிட்டு அந்தக் கிட்டாரைப் புதிதாக வாசித்துப் பதிவது அவருக்குப் பத்து நிமிட வேலை. அதை அவர் செய்யவில்லை. அப்படியே மாஹிருக்கு அனுப்பினார்.

மாஹிர் உடனே அழைத்தான். "அங்கிள், இப்பதான் இது பாட்டு! ஆன்ட்டி குரல் அடியில கொஞ்சூண்டு இருக்கு, ஆனா ஹால்ல யாருக்கும் கேக்காது."

"தெரியும் தம்பி," என்றார் வாலண்டைன். "எனக்குக் கேக்கும்."

கல்யாண நாள் வந்தது. அபிகெயிலைக் கைப்பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போய்த் திமோத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, வாலண்டைன் முதல் வரிசையில் ரீத்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டுச் சேலைகள் உரசுவது, பின்னால் ஒரு குழந்தை பிஸ்கட்டைக் கடிப்பது, பாதிரியார் ஏட்டைப் புரட்டுவது எல்லாம் அவருக்குக் கேட்டன. அபிகெயில் பீடத்தைப் பார்த்து நின்றாள். அவருக்குத் தெரிந்தது முதுகும் முக்காட்டுத் துணியும்தான். கையிலிருந்த பூசைப் புத்தகம் வியர்வையில் நனைந்துவிட்டது. கருவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பாதிரியார் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அபிகெயில் ஆகிய நான்..."

விளிம்போடு வந்தது சொல். அடுத்ததும் வந்தது. இன்பத்திலும் துன்பத்திலும் என்று அவள் சொன்னபோது, துன்பத்தில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. அந்த நடுக்கமும் அவருக்குக் கேட்டது. உதட்டைப் பார்க்காமல், முகத்தைப் பார்க்காமல், தன் பிள்ளை கொடுத்த வாக்கை வாலண்டைன் கடைசிச் சொல்வரை கேட்டு முடித்தார். கண்ணீர் வழிந்து சட்டைக் காலர்வரை போயிற்று. துடைக்கத் தோன்றவில்லை.

ரீத்தா பீடத்தைப் பார்த்தபடியே, கோயில் பெஞ்சில் இத்தனை வருடம் பழகிய பழக்கத்தில், உதட்டை அசைக்காமல் முணுமுணுத்துக்கொண்டாள். "இவரு அழுகற அழுகையில மெஷின் நனஞ்சிடும் போல."

வாலண்டைன் மகளின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் நனையாது," என்றார்.

ரீத்தா சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.